வில்லங்கம் பார்க்காமல் வாங்கிய பேனா

பத்திரம் எழுதுகிறவர் வீட்டில் பிறந்தவள் நான். "நகையோ நிலமோ, வில்லங்கம் பார்க்காமல் பணத்தை நீட்டாதே" என்று சோறு ஊட்டும்போதே சொல்லி வளர்த்தார் அப்பா. அப்படி வளர்ந்த நான், பேத்தி எடுத்த வயதில், சிறுவாட்டுப் பணம் 3,500 ரூபாயைக் கொடுத்து ஒரு பழைய பேனாவை வாங்கி ஏமாந்து நிற்கிறேன். வீட்டுக்காரரிடம் 500 ரூபாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்தப் பத்திரிகையை அவர் புரட்டுவதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்!

அப்பாவுக்கு இப்போது 86 வயது. அரியலூர் சார்பதிவாளர் அலுவலக வாசலில் 40 வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து கிரயம், அடமானம், பாகப்பிரிவினை என்று எழுதித் தள்ளியவர். ஒரு சாய்வுப் பலகை, ஒரு மைக்கூடு, ஒற்றுத்தாள், தாள் பறக்காமல் இருக்க ஒரு கல். அந்தக் கல் சும்மாக் கல் இல்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்தில் கிடைத்த, கல்லாகிப் போன பெரிய நத்தை மாதிரி ஒன்று. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் எங்கள் ஊரெல்லாம் கடலுக்கு அடியில் கிடந்ததாம். அதற்கு அம்மோனைட் என்று பேர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்கு அது 'அப்பாவோட நத்தை', அவ்வளவுதான்.

முத்திரைத்தாளில் எழுதுவது லேசுப்பட்ட வேலை அல்ல. அடித்தல் திருத்தல் வரக் கூடாது. வந்துவிட்டால், இன்ன பக்கம் இன்ன வரியில் இன்ன வார்த்தை திருத்தப்பட்டது என்று கடைசியில் எழுதிக் காட்டியாக வேண்டும். ஒரு தாள் கெட்டால் அன்றைய கூலியில் பாதி போச்சு. அதனால் அப்பா எழுதும்போது வீட்டில் இரைந்து பேச மாட்டோம். பத்திரத்தின் தலைப்பில் அவர் 'திருச்சிராப்பள்ளி மாவட்டம்' என்று எழுதிக்கொண்டிருந்தது 1995-ல் 'பெரம்பலூர் மாவட்டம்' ஆயிற்று. 2001-ல் 'அரியலூர் மாவட்டம்'. மறு வருஷமே திரும்பப் பெரம்பலூர். 2007-ல் மறுபடியும் அரியலூர் தனி மாவட்டமானபோது அப்பா தொழிலை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டர் வந்து கையெழுத்துக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. "நிலம் நகரலை, மாவட்டம்தான் நகர்ந்துகிட்டே இருக்கு" என்பார்.

என்னைப் பெரம்பலூரில் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். அதிலும் அப்பா ஒரு கணக்குப் போட்டிருந்தார். பெரம்பலூரில் ரயில் கிடையாது. "ரயிலேற அரியலூருக்குத்தான் வந்தாகணும். அந்தச் சாக்கிலாவது பாப்பா வீட்டுக்கு வந்து ஒருவாய்க் காபி குடிச்சிட்டுப் போகும்!" என்று அம்மாவிடம் சொன்னாராம்.

இனி பேனா விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, 1976-ல், அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பார்க்கர் 51 இருக்கும். கறுப்பு உடம்பு, வெள்ளி மாதிரி பளபளக்கும் மூடி, அம்பு போட்ட கிளிப். சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா, அம்மாவின் அண்ணன், கொண்டு வந்து கொடுத்தது. 1888-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த கம்பெனி, தன் 51-வது வருஷத்தில் அந்தப் பேனாவை உருவாக்கி முடித்ததால் அப்படி ஒரு பேர். கடைக்கு வந்தது 1941-ல். மற்றப் பேனாக்களில் நிப்பு முழுசாக வெளியே தெரியும். இதிலே ஒரு முக்காடு போட்ட மாதிரி மூடியிருக்கும். துளியூண்டு முனைதான் எட்டிப் பார்க்கும். நிப்பு முக்காட்டுக்குள் இருப்பதால் மை சீக்கிரம் காயாது. அந்த நாளில் ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும்போது சட்டைப் பையில் அந்த அம்பு தெரிந்தால், "சார், நீங்க முன்னாலே வாங்க" என்பார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா குளிக்கப் போயிருந்தார். ஆணியில் சட்டை. எடுத்து ஒரே ஒரு தடவை என் பேரை எழுதிப் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆசை யாரை விட்டது! மூடியை இழுத்த வேகத்தில் பேனா கை நழுவி, சிமெண்டுத் தரையில் முனை குத்தி விழுந்தது. பாவாடையெல்லாம் மை. துடைத்து, மூடியைப் போட்டு, சட்டைப் பையிலேயே வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் ஓடினேன். அவசரத்தில் அடுப்படியிலிருந்த வெந்நீரை எடுத்துப் பாவாடையில் ஊற்றினேன். அது மகா தப்பு. மைக்கறை பட்டால் உடனே பச்சைத் தண்ணீரில் விட்டு விட்டு அலச வேண்டும். வெந்நீர் பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொண்டுவிடும். தாவணி போடும் வரைக்கும் அந்தப் பாவாடையில் நீலத் திட்டு இருந்தது.

அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறு வாரத்திலிருந்து சட்டைப் பையில் அம்புக் கிளிப் இல்லை. ஐம்பது வருஷமாகிறது. தீபாவளி, பொங்கல் என்று எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். அதைப் பற்றி நானும் பேசியதில்லை, அவரும் பேசியதில்லை.

போன வருஷம் அப்பாவுக்குக் கை நடுக்கம் ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, வயதில் வருகிற நடுக்கம்தான், பயப்பட வேண்டியதில்லை என்றார். பதற்றத்தில் கூடும். யாராவது உற்றுப் பார்த்தால் இன்னும் கூடும். எழுதும்போது முழங்கையை மேஜை மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். ஒல்லிப் பேனா வேண்டாம், பருமனானதாகப் பிடியுங்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஆகும் என்பதால் எழுதுகிறேன்.

இந்த நேரம் பார்த்து பாங்கில் அவருடைய பணம் எடுக்கும் சீட்டைத் திருப்பிவிட்டார்கள். கையெழுத்து ஒத்துப் போகவில்லையாம். கவுன்டரில் ஒரு பையன் சங்கிலியில் கட்டிய பால்பாயின்ட் பேனாவை நீட்டி, "தாத்தா, இன்னொரு வாட்டி போடுங்க" என்றான். மூன்று தடவை போட்டார். மூன்றும் மூன்று விதம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். தம்பிதான் போனில் சொன்னான். "விரல் ரேகை வைக்க வழியிருக்குன்னு சொன்னாங்கக்கா. அதைச் சொன்னதுதான் தாமதம், வீட்டுக்கு வந்து சாப்பிடாமப் படுத்துட்டாரு. 'ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதினவன் கைநாட்டு வைக்கிறதா'ன்னு ஒரே புலம்பல்."

எனக்குத் தூக்கம் வரவில்லை. பால்பாயின்டை அழுத்தி எழுத வேண்டும். நடுங்குகிற கைக்கு அது ஆகாது. மைப் பேனாவோ, தாளைத் தொட்டாலே போதும், மை தானாக இறங்கும். அதுவும் அவர் கைக்குப் பழகின பார்க்கராக இருந்தால்? நான் உடைத்ததை நானே வாங்கிக் கொடுத்த மாதிரியும் ஆச்சு. இப்படி ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது, போகவே இல்லை.

தை மாதத்தில் பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் பழைய நாணயம், தபால்தலை எல்லாம் வைத்து விற்பனை போட்டிருந்தார்கள். பேத்திக்குக் காட்டலாம் என்று போனேன். ஒரு மேஜையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதே கறுப்பு, அதே வெள்ளி மூடி, அதே அம்பு. மாமா கொண்டு வந்ததே திரும்பி வந்த மாதிரி இருந்தது. "ஒரிஜினல் பார்க்கர் 51ம்மா. நாலாயிரத்து ஐந்நூறு" என்றார் கடைக்காரர். மைக்கூட்டில் முனையைத் தொட்டு, ஒரு தாளில் சர்ரென்று தன் கையெழுத்தைப் போட்டுக் காட்டினார். வெண்ணெயில் கத்தி போனாற்போல் இருந்தது. பேரம் பேசி 3,500-க்கு முடித்தபோது எனக்கு எவ்வளவு பெருமை என்கிறீர்கள்! கத்தரிக்காய் வாங்கினால் காம்பைக் கிள்ளிப் பார்க்கிறவள், அந்தப் பேனாவைக் கையில் வாங்கி ஒரு கோடு இழுத்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மை நிரப்ப உட்கார்ந்தேன். உடம்பைக் கழற்றினால் உள்ளே ஓர் உலோகக் குழாய், அதில் ஒரு பட்டை; முனையை மைக்குள் வைத்துக்கொண்டு அந்தப் பட்டையை அழுத்தி அழுத்தி விட்டால் மை ஏற வேண்டும். ஏறவில்லை. இருபது தடவை அழுத்தியும் ஒரு சொட்டு ஏறவில்லை. பச்சைத் தண்ணீரில் ராத்திரி பூராவும் முனையை ஊற வைத்தேன். காலையில் டம்ளர் நீலம். மறுநாளும் நீலம். உள்ளே எந்தக் காலத்து மையோ பாறையாக இறுகிக் கிடந்திருக்கிறது. வெந்நீர், ஸ்பிரிட் ஒன்றும் விடவில்லை. பழைய பேனாவின் உடம்பு அதில் கெட்டுவிடும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் மை ஏறியது. 'அ' என்று எழுதினேன். முதல் சுழி வந்தது, வளைவு வரவில்லை. மேலிருந்து கீழே இழுத்தால் வருகிறது. இடமிருந்து வலமாகப் போனால் தாளைக் கீறுகிறது. நம் தமிழோ முழுக்க முழுக்க வளைவு!

பேத்திக்குக் கண்ணாடி மாற்றத் திருச்சி போன அன்று, மலைக்கோட்டைப் பக்கம் பேனா ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் முக்காட்டை லேசாகச் சூடு காட்டித் திருகிக் கழற்றினார். உள்ளே நிப்பு ஒரு சின்னக் குழாய் மாதிரி இருந்தது. அதன்மேல் யாரோ பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்கம்மா" என்றார்.

தங்க நிப்பு என்றால் முனையும் தங்கம் என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். தங்கம் மெத்து, தாளில் தேய்ந்தே போய்விடும். அதனால் முனையில் கடுகில் பாதி அளவுக்குக் கெட்டியான வேறு உலோகக் குருணை ஒன்றை ஒட்டி, நடுவில் பிளந்திருப்பார்கள். இரிடியம் முனை என்று சொல்வது அதைத்தான். என் பேனாவில் அந்தக் குருணையில் ஒரு பாதி தேய்ந்து சப்பையாகிவிட்டது, மறு பாதியைக் காணவே காணோம். "மையில தொட்டு எழுதினா எந்த நிப்பும் நாலு எழுத்து வழுக்கிக்கிட்டுத்தான் போகும். விக்கிறவருக்கு எந்தச் சாய்வுல பிடிச்சா எழுதும்னு தெரியும்" என்றார் பெரியவர். வேறு நிப்பு போடலாமா என்றேன். இதற்கென்று உள்ளது கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் பேனா விலை ஆகும் என்றார். பசையை மட்டும் சுரண்டிச் சுத்தம் பண்ணி, காசு வாங்காமல் கொடுத்தார். ராஜமுந்திரியிலும் திருவள்ளூரிலும் எபோனைட்டில் கையால் கடைந்து இன்றைக்கும் பேனா பண்ணுகிறார்கள், அந்தக் காசுக்குப் புதுசாகவே வாங்கியிருக்கலாமே என்று வேறு சொன்னார். அது ஒரு குறை!

விற்றவருக்குப் போன் பண்ணினேன். "பழைய சாமான்னா அப்படித்தான் இருக்கும். நீங்கதானே பார்த்து வாங்கினீங்க?" என்றார். நான் பார்க்கவில்லையே, அதை எப்படிச் சொல்வது?

அப்படியும் அந்தப் பேனாவை எடுத்துக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினேன். அப்பா கைக்கு ஒருவேளை எழுதிவிடாதா என்ற நப்பாசைதான்.

அப்பா திண்ணையில் இருந்தார். பேனாவை வாங்கினார். மூடியை எடுத்து, முனையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பிறகு இடது கைக் கட்டைவிரல் நகத்தின் மேல் முனையை வைத்து மெள்ள ஒரு இழு இழுத்தார். கை நடுங்கியது, ஆனால் செய்கையில் ஒரு தடுமாற்றம் இல்லை. நகத்தில் வெள்ளையாகக் கீறல் விழுந்தது.

"எவ்வளவு குடுத்தே?"

"ஐந்நூறுப்பா."

என் முகத்தைப் பார்த்தார். கிரயத்தொகையைக் குறைத்துச் சொல்லிப் பத்திரம் பதிய வந்தவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவர். ஒன்றும் சொல்லவில்லை.

"எட்டு போட்டுப் பார்த்தியா?"

"எட்டா? லைசென்ஸுக்கா?" என்று தம்பி மகன் சிரித்தான்.

"பேனாவுக்கும் எட்டு உண்டுடா. மெதுவா எட்டு போட்டா எல்லாப் பக்கமும் திரும்பணும். எங்கே தட்டுதோ அங்கே கோளாறு. அதுக்கு முன்னாலே தண்ணி இழுத்து, கவிழ்த்துப் பிடிச்சுச் சொட்டுதான்னு பார்க்கணும். ஏம்மா, நாலு எல்லையும் பார்க்காம, வில்லங்கம் பார்க்காம வாங்கிட்டு வந்திருக்கியே, நீ யாரு பொண்ணு?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. 3,500 ரூபாய்க்காக இல்லை. "அப்பா, அந்தப் பழைய பார்க்கரைக் கீழே போட்டது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். அறுபது வயதில், தம்பி மனைவி காபி டம்ளரோடு நிற்கும்போது!

"தெரியுமே. உன் பாவாடையில மை இருந்துச்சு."

"ஏன் கேக்கலை?"

"கேட்டா உங்கம்மா அடிப்பா. அவ அண்ணன் குடுத்த பேனால்ல?" என்று சிரித்தார். "பாப்பா, அது சட்டைப் பைக்குத்தான். மாமா வருத்தப்படக் கூடாதுன்னு குத்திக்கிட்டுத் திரிஞ்சேன். முக்காடு போட்டதுல எழுதினா முனை எங்கே போகுதுன்னே எனக்குத் தெரியாது. ஒரு பத்திரம்கூட நான் அதுல எழுதினதில்லை."

ஐம்பது வருஷமாக நான் சுமந்துகொண்டிருந்தது இதைத்தானா? ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கென்னவோ சப்பென்று ஆகிவிட்டது. எரிச்சல்கூட வந்தது. இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

தம்பி மனைவியிடம், "அந்த டிரங்குப் பெட்டியை எடும்மா" என்றார். பத்திர நகல்களுக்கு அடியில் மஞ்சள் துணியில் சுற்றி ஒரு பேனா. பருமனான எபோனைட் பேனா. கறுப்பாக இருந்தது காலத்தில் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. மூடியில் பேர் எதுவும் இல்லை. உள்ளே ரப்பர் பை, பட்டை ஒன்றும் கிடையாது. கழுத்தைத் திருகி, பில்லரால் உடம்புக்குள் நேரே மை ஊற்ற வேண்டியதுதான். கெட்டுப் போக அதில் என்ன இருக்கிறது? நிப்பையும் நாக்கையும் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து, பழைய பிரஷ்ஷால் நான் தேய்த்துக் கொடுத்தேன். கழுத்துத் திருகில் மை கசியாமல் இருக்க மெழுகுவர்த்தியைத் தேய்த்தார் அப்பா. மைக்குத் தம்பி மகன் கடைத்தெருவெல்லாம் அலைந்துவிட்டு, கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பக்கம் வாங்கி வந்தான்.

சாய்வுப் பலகையை மடியில் வைத்து, முழங்கையை ஊன்றி, காலண்டர் தாளின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டார். நடுக்கம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கோடு அலை அலையாகத்தான் வந்தது. ஆனால் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. பதினொரு தடவை போட்டார். ஒன்பது ஒரே மாதிரி இருந்தது. இரண்டை அவரே அடித்துவிட்டு, கீழே 'அடித்தல் 2' என்று எழுதினார்.

திங்கட்கிழமை தம்பி பாங்கில் கேட்டு, மாதிரிக் கையெழுத்தைப் புதுசாகப் பதிந்துகொள்ளும் படிவத்தை வாங்கி வந்தான். கவுன்டரில் நிற்க வைக்காமல் உள்ளே ஒரு நாற்காலியில் உட்கார வைத்துப் போடச் சொன்னார்கள் என்று பிற்பாடு அப்பாவே போனில் சொன்னார். "அந்தப் பையன் பேனாவை வாங்கிப் பார்த்தான் பாப்பா. எங்கே கிடைக்கும்னு கேட்டான். வில்லங்கம் பார்த்து வாங்குன்னு சொன்னேன்."

அந்தப் பார்க்கர் என்னிடம்தான் இருக்கிறது. அடுப்படி மேடையில் பால் கணக்கு எழுதுகிறேன். பால் கணக்கில் எண்கள்தானே, 1, 7, 4 எல்லாம் நன்றாகவே வருகிறது. 8-ல்தான் நின்றுவிடுகிறது. "ஐந்நூறு ரூபாய்க்கு இது போதாதா?" என்கிறார் என் வீட்டுக்காரர்.